மாமாவின் இரத்தப் பரிசோதனை

சின்ன மாமா: இன்றைக்கும் இரத்தம் எடுத்தார்கள். பரம்பரைக் காரணமா என்று பார்க்க டிஎன்ஏ பரிசோதனையாம்.

பெரியம்மா: நல்லூரானே! தொய்வு வருத்தத்துக்கு எதற்குத் தம்பி டிஎன்ஏ?

சின்ன மாமா: தொய்வு இல்லை அக்கா, எம்பிசீமா. சுவாசப்பையின் சிற்றறைகள் உடைந்துபோய்விட்டனவாம். 46 வயதில், சிகரெட்டே தொடாத எனக்கு! இரத்தத்தில் அல்பா-1 என்று ஏதோ குறைவாம். பிள்ளை, நீ விளங்கப்படுத்து.

நான்: அல்பா-1 ஆன்டிட்ரிப்சின், மாமா. ஈரலில் உருவாகும் புரதம். கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் ஒரு நொதியத்தை விடும். அதை அடக்க இந்தப் புரதம் போதாவிட்டால் அது நுரையீரலையே அரித்துவிடும். இதற்கான மரபணு, டிஎன்ஏயில் எழுத்துகளால் எழுதிய குறிப்பு மாதிரி; அதில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் புரதம் பிழையாக மடிந்து ஈரலிலேயே தேங்கிவிடும். 1963இல் சுவீடனில் கண்டுபிடித்த குறைபாடு. எங்கள் பக்கம் அரிது.

அண்ணா: ஒரு எழுத்தை எப்படித் தேடிப் பிடிப்பது?

நான்: பிசிஆர் அண்ணா. கொரோனா நேரம் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அந்த வழிதான். வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டும் சின்ன டிஎன்ஏ இழைகளைப் போடுவோம். 95 பாகைச் சூட்டில் டிஎன்ஏ பிரியும், 60 அளவுக்கு ஆறினால் அவை ஒட்டும், 72இல் வேறொரு நொதியம் பிரதி எடுக்கும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு. 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும்! அவ்வளவு சூட்டிலும் கெடாத அந்த நொதியம் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த பாக்டீரியாவினுடையது. அப்புறம் எழுத்து மாறியிருக்கிறதா என்று ஒளிரும் சாயம் காட்டிக்கொடுக்கும்.

பெரியம்மா: அதெல்லாம் சரி, ஊரில் கதைக்க வேண்டாம். மூத்தவளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது. ஐயா சுருட்டுப் பிடித்தே 84 வரை இருந்தவர். எங்கள் பரம்பரையில் என்ன குறை?

நான்: தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வரும் மரபணுவின் இரண்டு பிரதியும் பிழையானால்தான் பெரும்பாலும் இந்த வருத்தம் வரும், பெரியம்மா. தாத்தாவுக்கு ஒன்றுதான் இருந்திருக்கும். அம்மம்மாவும் அவரும் சொந்த மச்சான் மச்சாள்தானே, அவவுக்கும் அதே பிழை ஒன்று இருந்திருக்கும். அப்படியென்றால் உங்களுக்கும் அம்மாவுக்கும் இரண்டுமே பிழையாக வர நாலில் ஒரு வாய்ப்பு. மாமாவின் பிள்ளைகளுக்கு ஒரு பிரதி கட்டாயம் இருக்கும்.

மாமி: மச்சாள், நான் மறைக்க மாட்டேன். மகன் கூட்டாளிகளோடு சிகரெட் பிடித்ததைப் போன மாதம்தான் கண்டேன். இவர் படி ஏற மூச்சு வாங்குவதையும் நான்தான் பார்க்கிறேன். இன்று இரவே அவனை இருத்திச் சொல்லப் போகிறேன்.

அண்ணா: சொல்லுங்கள் மாமி. நானும் அவனோடு கதைக்கிறேன்.

பெரியம்மா: பிள்ளை, நானும் இரத்தம் கொடுக்க வேண்டுமா?

நான்: மாமாவின் றிப்போட் வரட்டும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

பெரியம்மா: வெறும் வயிற்றோடா?

நான்: இல்லை, சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.