கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்ட கார்டிலிருந்து கொடைப் படங்களை மீட்க இயலுமா?

இரணியல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எங்கள் குடும்பக் கோயிலில் நடந்த கொடை விழாவை, முதல் நாள் குடியழைப்புச் சடங்கில் தொடங்கி மூன்று நாளும் கேமராவில் எடுத்திருந்தேன். 16 ஜிபி கார்டு. ஒவ்வொன்றையும் ரா என்ற மூல வடிவிலும் ஜேபெக் என்ற சுருக்கிய வடிவிலும் சேர்த்து எடுத்ததால் ஏறத்தாழ 400 படங்களிலேயே நிறைந்துவிட்டது. நேற்றுப் பிள்ளைகளை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அழைத்துச் சென்ற இடத்தில், படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டோம் என்ற நினைப்பில் ஃபார்மேட் கொடுத்துவிட்டு, அதன் பிறகு முப்பது படங்களும் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கணினியில் இருப்பவை போன மாதத்துப் படங்கள்.

கடைசி நாள் இரவு, நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு முன்னர் வில்லுப்பாட்டு நடந்தபோது என் பாட்டா முன்வரிசையில் வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு, வீசுகோல் வில்லில் விழும் ஒவ்வொரு அடிக்கும் தலையசைத்தபடி அமர்ந்திருந்தார். அவருக்கு 87 வயதாகிறது. அந்த நான்கைந்து படங்களாவது கிடைத்தால் போதும். ஃபார்மேட் செய்தால் எல்லாம் போய்விடும் என்று நாகர்கோவிலில் ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். உண்மைதானா? மீட்டெடுக்கும் மென்பொருள் ஏதேனும் இருந்தால், படங்களை அந்தக் கார்டிலேயே திரும்பச் சேமிக்கலாமா?

தக்கலைக் கணினியர்:

அண்ணாச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: அந்தக் கார்டில் இனி ஒன்றையும் சேமிக்கக் கூடாது. கேமராவிலிருந்து உடனே கழற்றி, பக்கவாட்டில் உள்ள சிறிய பூட்டைக் கீழே தள்ளி வையுங்கள். பெரும்பாலான கார்டு ரீடர்கள் அந்தப் பூட்டை மதித்து, எதையும் எழுத விடாமல் தடுக்கும்.

கடைக்காரர் சொன்னது முழு உண்மையன்று. 16 ஜிபி கார்டுகள் ஃபேட்32 என்ற முறையில் இயங்குபவை. எந்தப் படம் கார்டின் எந்தப் பகுதியில் தொடங்கி எங்கெங்கே தொடர்கிறது என்பதற்கு அதில் ஒரு பேரேடு உண்டு. ஒரு படத்தை மட்டும் அழித்தால், அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஓர் அழிப்புக் குறி விழும். அது வைத்திருந்த இடம் காலி என்று பேரேட்டில் பதிவாகும். கேமராவில் சாதாரணமாக ஃபார்மேட் செய்தால் அந்தப் பேரேடு முழுவதும் வெறுமையாகிறதே தவிர, படங்களின் உடல் அப்படியேதான் கிடக்கும், வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை. சில கேமராக்களில் ஆழமான ஃபார்மேட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. கணினியில் விண்டோஸ் விஸ்டா முதலாக, விரைவு ஃபார்மேட் என்ற குறியை நீக்கிவிட்டு முழு ஃபார்மேட் செய்தால் கார்டு முழுவதும் பூச்சியம் எழுதப்படும். இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்திருந்தால்தான் கைவிரிக்க வேண்டும்.

மாத்தூரில் எடுத்த முப்பது படங்கள்தாம் என் கவலை. ஃபார்மேட் ஆன கார்டில் கேமரா வழக்கமாகத் தொடக்கத்திலிருந்தே எழுதிக்கொண்டு போகும் என்பதால், முதலில் எடுத்த குடியழைப்புப் படங்கள் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் போயிருக்கும். பாட்டாவின் படங்கள் கடைசி இரவில் எடுத்தவை அல்லவா? அவை கார்டின் பின்பகுதியில் இருக்க வேண்டும். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஃபோட்டோரெக் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, இலவசம், டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொன்றோடு சேர்ந்தே இறங்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வருவதைப் பார்த்துப் பலர் மூடிவிடுகிறார்கள், அதுதான் அதன் ஒரே குறை. அது பேரேட்டை நம்புவதில்லை. ஒவ்வொரு ஜேபெக் படமும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டுகளில் தொடங்குவது போல, ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு முகக்குறி உண்டு. கார்டை முதலிலிருந்து கடைசி வரை தடவி, அக்குறி தென்படும் இடத்திலெல்லாம் ஒரு கோப்பை வெட்டி எடுக்கும். ஆகவே பழைய பெயர்கள் கிடைக்கா. ஆனால் புதிய பெயரில் வரும் எண், அந்தப் படம் கார்டில் தொடங்கிய இடத்தைக் குறிப்பதால், பெயர் வரிசைப்படி அடுக்கினாலே ஏறத்தாழ எடுத்த வரிசை வந்துவிடும்.

மார்த்தாண்டம் ஸ்டூடியோ:

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நேரடியாகக் கார்டில் தேடாதீர்கள். முதலில் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாகக் கணினியின் வன்தட்டில் படியெடுத்துக்கொண்டு, அந்தப் படியின் மீது ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். லினக்ஸ் இருந்தால் டிடி கட்டளை போதும். கார்டு அங்கங்கே படிக்க முடியாமல் திணறினால் டிடிரெஸ்க்யூ நல்லது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கல்யாண வேலையில், பழுதான கார்டைத் திரும்பத் திரும்பத் தேட விட்டு, மூன்றாவது முறையில் அது அடியோடு மூச்சை நிறுத்திய பிறகு வந்த புத்தி இது. பெண் வீட்டாருக்கு நான் சொன்ன சமாதானத்தை இங்கே எழுத விரும்பவில்லை.

கார்டைச் செருகியதும் ‘ஃபார்மேட் செய்யவா’ என்றோ ‘பிழை திருத்தவா’ என்றோ விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். காணொளிகளில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்; அவை கார்டில் துண்டு துண்டாகக் கிடந்தால், வெட்டி எடுத்தாலும் ஓடாமல் போகலாம். ஜேபெக் ஒன்று சிதைந்திருந்தால் மனம் தளர வேண்டாம், அதன் ராவைத் திறந்து பாருங்கள். ராவுக்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்னோட்டம் இருக்கும்.

முட்டம் கடற்கரை:

என் மதினி இதேபோல் கைபேசியில் அழித்துவிட்டுக் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். கைபேசியின் உள்நினைவகத்துக்கு மேற்சொன்ன வழி பெரும்பாலும் பலிக்காது. இப்போதைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கோப்புகள் பூட்டிக் குறியாக்கப்பட்டே இருக்கின்றன. கூகுள் ஃபோட்டோஸின் குப்பைத்தொட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; பேக்கப் ஆகியிருந்தால் 60 நாள், இல்லையென்றால் 30 நாள் அங்கே இருக்கும். கொடையன்று மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஏதேனும் அனுப்பியிருந்தீர்களா? தரம் குறைந்திருக்கும், ஆனாலும் அவர்களிடம் இருக்கும்.

இரணியல்வாசி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு கார்டைப் படியெடுத்து, அந்தப் படியின் மேல் ஓட்டினேன். ராவும் ஜேபெக்குமாக 372 படங்கள் வந்தன. தக்கலை நண்பர் சொன்னபடியே, குடியழைப்பின் தொடக்கப் படங்கள் ஒன்றுகூட இல்லை; அந்த இடத்தில் தொட்டிப்பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. அவற்றை அடுத்து வந்த ஒரு படத்தில் அலங்காரப் பந்தலின் மேல்பாதி தெளிவாகவும், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் இருக்கிறது. இரண்டு காணொளிகளும் திறக்கவில்லை.

பாட்டாவின் படங்கள் ஐந்தும் முழுதாகக் கிடைத்தன. காலையில் அவரிடம் காட்டினேன். தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பின்னால் குடம் அடிப்பவரை விரலால் தொட்டு, ‘இவன் அப்பனும் இப்படித்தான் கழுத்தைச் சாய்ச்சு அடிப்பான்’ என்றார். வன்தட்டில் ஒன்றும், மஸ்கட் மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக ஒன்றும் போட்டுவிட்டேன். கார்டு இன்னும் பூட்டியபடியே மேசை இழுப்பறையில் கிடக்கிறது. காணொளிகளுக்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.