காய்ச்சலுக்குப் பிறகு அப்பா ஏன் இப்படி மெலிந்துவிட்டார்?

களுவாஞ்சிகுடி மகள்:
அப்பா நியுமோனியா வந்து பத்து நாள் வார்ட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். படுத்தே கிடந்தவருக்கு மணிக்கூட்டு வார் முழங்கை வரை ஏறுகிறது. முட்டை, மீன் சூடு என்று எல்லாரும் சொல்வதால் வெறும் அரிசிக் கஞ்சிதான் கொடுக்கிறோம். சரியா?

அக்கரைப்பற்று தாதி:
தங்கச்சி, கஞ்சி மட்டும் போதாது. காய்ச்சல் 1 பாகை செல்சியஸ் கூடினாலே உடம்பு சும்மா இருக்கச் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய 10 வீதம் கூடும். சாதாரணமாகப் பட்டினி கிடந்தால் உடம்பு மெல்ல மெல்லக் கொழுப்பை எரிக்கத் தொடங்கித் தசையைக் காப்பாற்றும், ஆனால் கடும் நோயில் கிருமியோடு போராடவும் குளுக்கோசு ஆக்கவும் தசையையே உடைத்து எடுக்கும், படுக்கையும் சேர்ந்தால் இன்னும் கரையும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கல்முனை அண்ணன்:
எங்கட அம்மாவுக்குப் பசியே இல்லை. கஞ்சியில் பயறு போட்டு, மீனை முள் எடுத்துப் பிசைந்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாலு கரண்டி கொடுத்தோம். அப்பாவுக்குச் சீனி வருத்தமா? நோய் நேரம் சீனி ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

களுவாஞ்சிகுடி மகள்:
இல்லை அண்ணா. இன்றைக்கே முட்டை அவிக்கிறேன்.