வெயில் தோட்டம், ஆயில் பெயின்டிங்: நிழல் கரியாகிறது, இலை சுண்ணாம்பாகிறது

கேள்வி
16×12 அங்குல கேன்வாஸ். காலை 10 மணி வெயிலில் செம்பருத்தி, செம்மண் பாதை, பின்னால் வெள்ளைச் சுவர். வெளியே வரையும்போது சரியாகத்தான் தெரிந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்தால் மொத்தப் படமும் இருண்டு கிடக்கிறது. வெயில் பட்ட இலைக்கு சாப் கிரீனும் (இலைப்பச்சை) டைட்டானியம் ஒயிட்டும், நிழலுக்கு அதே சாப் கிரீனில் ஐவரி பிளாக். எங்கே தப்பு?

பதில் 1
கேன்வாஸ் மேல் நேர் வெயில் விழுந்ததா?

கேட்டவர்
ஆமாங்க. பேலட்டும் (நிறம் கலக்கும் பலகை) வெயிலில்தான் இருந்தது.

பதில் 1
இருட்டுக்குக் காரணம் அதுதான். நேர் வெயிலில் எந்தப் பெயின்டும் வெளிறித் தெரியும். கை தானாக இருட்டாகக் கலந்துவிடும். ஈசலை (கேன்வாஸ் தாங்கி) திருப்பி, கேன்வாஸும் பேலட்டும் ஒரே நிழலில் இருக்கும்படி வையுங்கள். குடை பிடித்தால் வெள்ளை அல்லது சாம்பல். சிவப்புக் குடைக்குக் கீழே கலந்த பச்சையை நம்பவே முடியாது.

அடுத்து, இலை சுண்ணாம்பு மாதிரி வெளிறுவது. வெள்ளை சேர்த்தால் நிறம் வெளுக்கும், கூடவே குளிர்ந்தும் போகும். இலையை ஒரே பச்சையாகப் பார்க்காதீர்கள். வானத்தைப் பார்த்திருக்கும் பளபளப்பான மேல்பக்கம் லேசாக நீலம் அடிக்கும். வெள்ளை அங்கே மட்டும். பின்னாலிருந்து வெயில் ஊடுருவும் இலைக்கு லெமன் எல்லோவும் கத்தி முனையளவு விரிடியனும் (நீலம் கலந்த பச்சை) போதும், வெள்ளை வேண்டாம். நிழல் இலைக்கு அல்ட்ராமரீன் (அடர் நீலம்) 2 பங்கு, காட்மியம் எல்லோ 1 பங்கு, பச்சை அடங்கும்வரை பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு).

பதில் 2
கருப்பு மேல் பழி போட வேண்டாம். ஐவரி பிளாக்கும் மஞ்சளும் சேர்ந்தால் அருமையான ஆலிவ் பச்சை கிடைக்கும். எல்லா நிழலுக்கும் அதையே போட்டதுதான் சிக்கல். வெள்ளைச் சுவரின் நிழலை உற்றுப் பாருங்கள்: மேலே வானத்தின் நீலம், தரையிலிருந்து ஒரு முழம் வரை செம்மண்ணின் ஆரஞ்சு. அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா, வெள்ளை மூன்றிலேயே இரண்டும் வந்துவிடும். எது தூக்கல் என்பதுதான் வித்தியாசம்.

பாதையில் விழும் வெயில் பொட்டுகளைக் கந்தல் மாதிரி கிறுக்காதீர்கள். இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும், உயரத்திலிருந்து விழும் பொட்டு சூரியனின் பிம்பம். அதனால் நீள்வட்டமாகத்தான் விழும். தூரம் போகப்போகத் தட்டையாகத் தெரியும். இடுக்கு உயரமாக இருந்தால் பொட்டின் ஓரம் மங்கும்.

நிழல் மணிக்கு மணி நகரும். முதல் 10 நிமிடத்தில் நிழலின் வடிவை நீர்த்த பர்ன்ட் சியன்னாவில் வரைந்து பூட்டிவிடுங்கள். பிறகு அதைத் துரத்த வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதே வெயில் இல்லை.

கேட்டவர்
இந்தப் படத்தைக் காப்பாற்ற வழி உண்டா? காய்ந்துவிட்டது. நிழலில் அங்கங்கே பளபளப்பு செத்துத் திட்டுத்திட்டாக இருக்கிறது.

பதில் 1
அடிப்பூச்சு எண்ணெயைக் குடித்துவிட்டது. ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, திட்டுகள் மேல் மெல்லத் தடவி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். பாதிக் கருப்பு அப்போதே தெளியும்.

சுண்ணாம்பு இலைகளைச் சுரண்ட வேண்டாம், அந்த வெளிறல் இப்போது உதவும். நன்றாகக் காய்ந்தபின் இந்தியன் எல்லோவை (ஒளி ஊடுருவும் மஞ்சள்) எண்ணெயில் கரைத்துக் கண்ணாடி போல ஒரு பூச்சு கொடுங்கள். அடியிலிருக்கும் வெள்ளை அதன் வழியே ஒளிரும்.

துடைத்த எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.