சதாபிஷேகமும் மிதக்கும் தாம்பாளமும் (பெரிய வீட்டுக் குழு)

சொக்கலிங்கம் அண்ணன்: ஐயாவின் சதாபிஷேகத்திற்கு அலங்காரம் செய்பவர், முகப்பில் வெள்ளித் தாம்பாளம் ஒன்றை மின்காந்தத்தால் அந்தரத்தில் நிறுத்திக் காட்டுவதாகச் சொல்கிறார். நாளைக்குள் முன்பணம் கேட்கிறார். அனைவரும் கருத்தைத் தெரிவியுங்கள்.

அழகம்மை அயித்தை: இப்படித் தட்டு மிதக்கும் காணொளி ஒன்று எனக்கும் வந்தது. தெய்வசக்தியால் நிற்கிறது என்று தேவகோட்டையில் பேசிக்கொள்கிறார்கள்.

உமையாள்: பார்க்க மிக அழகாக இருக்கிறது.

மெய்யப்பன்: அயித்தை, அது மாறுமின்னோட்டத்தின் வேலை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவதால், அது பாயும் கம்பிச்சுருளின் காந்தப்புலமும் ஓயாமல் மாறுகிறது. அந்த மாற்றம் மேலே உள்ள தட்டுக்குள் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை தம்மை எழுப்பிய மாற்றத்தையே எதிர்க்கும் என்பது 1834-இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் வகுத்த விதி. தட்டின் மின்னோட்டம் சற்றுப் பின்தங்கி ஓடுவதால், ஒவ்வொரு அலைவின் முடிவிலும் ஈர்ப்பைவிட விலக்கே மிஞ்சி, தட்டு மேலெழுகிறது. ஒற்றைச் சுருள் என்றால் தட்டு பக்கவாட்டில் நழுவிவிடும்; அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுருள்களை வைத்து, எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் செலுத்துவார்கள்.

வள்ளியம்மை ஆச்சி: எந்தத் தாம்பாளம்? பங்கு பிரித்தபோது சின்ன வீட்டுக்குப் போனதா?

சொக்கலிங்கம் அண்ணன்: அதேதான், ஆச்சி.

கண்ணாத்தாள், சின்ன வீடு: கேட்டால் தருவோம். இதுவரை எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

மெய்யப்பன்: தாம்பாளம் வேண்டாம் என்பதே என் கருத்து. கணினிக் கணக்கீட்டு முறைகளைச் சோதிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஓர் அமைப்பில், 960 சுற்றும் 576 சுற்றும் கொண்ட இரண்டு சுருள்களில் 20 ஆம்பியர் பாய்ச்சியும், 107 கிராம் அலுமினியத் தட்டு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் உயரத்தில்தான் நிற்கிறது. வெள்ளி மின்சாரத்தை அலுமினியத்தைவிட நன்றாகக் கடத்தும் என்றாலும், அதே பருமனுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு எடை கொண்டது.

உமையாள்: பெரிய சுருளாக வைத்தால் முடியாதா?

மெய்யப்பன்: தூக்கலாம், ஆனால் தூக்கும் அதே சுழல் மின்னோட்டம் தட்டைச் சூடாக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இதனால்தான். உலோகத்தை அந்தரத்தில் நிறுத்தியே உருக்கும் முறையும் உண்டு. எமில் பாஷ்லே என்ற கண்டுபிடிப்பாளர் 1914-இல் லண்டனில் இப்படி மிதக்கும் மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டினார்; பெருமளவு மின்சாரத்தை விழுங்கியதால் அது ரயிலாக வளரவில்லை.

சிதம்பரம் பெரியப்பா: மின்சாரம் என்றதும் கேட்கிறேன், ஜெனரேட்டர் செலவு இம்முறை யாருடையது? மணிவிழாவுக்கு நான்தான் கொடுத்தேன்.

மெய்யப்பன்: பெரியப்பா, அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஐயாவுக்கு இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருக்கிறது. வலுவான மாறும் காந்தப்புலம் அதன் செயல்பாட்டைக் குழப்பக்கூடும். ஐயா மணையில் அமரும் இடத்துக்கு அருகில் அந்தச் சுருள் இருக்கவே கூடாது.

அழகம்மை அயித்தை: முருகா! வேண்டவே வேண்டாம்.

வள்ளியம்மை ஆச்சி: ஐயா நாள் முழுவதும் முகப்பில்தானே இருப்பார்.

சொக்கலிங்கம் அண்ணன்: அப்படியானால் சிறிய அலுமினியத் தட்டை மட்டும் வீட்டின் கடைசிக் கட்டுப் பகுதியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

மெய்யப்பன்: ஐயாவின் மருத்துவரிடம் முதலில் கேட்போம். தட்டைப் பிள்ளைகள் தொடாதபடி தடுப்பும் வேண்டும்.

கண்ணாத்தாள், சின்ன வீடு: தாம்பாளத்தை லாக்கரிலிருந்து எடுக்கவா, வேண்டாமா?

சொக்கலிங்கம் அண்ணன்: மருத்துவரிடம் பேசிவிட்டு மாலையில் சொல்கிறேன்.

சிதம்பரம் பெரியப்பா: ஜெனரேட்டருக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.