பழைய இவி3 பெட்டி கிடைத்தது, லைன் இல்லாத தோட்டத்தில் எப்படிப் பழகுவது?

கிராணி:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் தெரிந்தவர் ஒருவர் வீடு காலி செய்தபோது லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3 என்ற ரோபோ கட்டும் பெட்டி ஒன்றை 300 வெள்ளிக்குத் தந்தார். இரண்டாம் படிவம் படிக்கும் அக்கா மகனுக்காக வாங்கினேன். 3 மோட்டாரும் சுற்றுகின்றன. ஆனால் பையன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, இதை நிறுத்திட்டாங்க, ஏமாந்துட்டீங்க" என்கிறான். உண்மையா? இருப்பது தோட்டத்து லயத்தில், செம்பனைக்கு நடுவில் போனில் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். டவுனுக்கு ஒருமுறை போய் இறக்கிக்கொண்டு வந்தால் போதும் என்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? பையனுக்குப் பைத்தான் கொஞ்சம் தெரியும்.

பழையகை:
பையன் சொன்னது பாதி சரி. இவி3 வந்தது 2013-இல், 2022 முடிவோடு மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ், அதனால் ஆர்வலர்கள் அதை விடவில்லை. இவி3டெவ் என்று தேடுங்கள், இவி3-க்கென்று அவர்கள் செய்த லினக்ஸ் அது. அதன் மேல் கட்டிய இவி3 மைக்ரோபைத்தானையும் இறக்குங்கள், அதில் பைத்தானிலேயே ரோபோவை ஓட்டலாம். மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதிச் செருகினால் போதும், கார்டை எடுத்துவிட்டால் பழைய மென்பொருளே திரும்பி வரும், எதுவும் கெடாது. கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், இவி3 எடுக்காது. அப்புறம் கணினியில் நிரல் எழுத விஎஸ் கோட், அதற்கான இவி3 நீட்சி, வழிகாட்டி பிடிஎஃப், எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிவிடுங்கள். வீட்டில் யுஎஸ்பி கம்பி போதும். பிடிஎஃப்பை அச்சடித்துக்கொடுங்கள், பையன்கள் திரையில் படிக்க மாட்டார்கள்.

செம்பனைக்காடு:
அண்ணே, எடுத்த எடுப்பில் பைத்தானா? என் மகள் அதில் வெறுத்தே போனாள். ஓபன் ராபர்ட்டா லேப் பாருங்கள், ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனத்தார் செய்தது, உலாவியிலேயே நிரல் கட்டைகளை இழுத்துக் கோக்கலாம், திரையிலேயே ரோபோவை ஓட்டியும் பார்க்கலாம். ஆனால் இணையம் வேண்டும், அதுதான் உங்களுக்கு இடிக்கும். டவுன் பக்கம் வரும்போது வேண்டுமானால் உட்காரட்டும்.

பழையகை:
லைன் இல்லாத வீட்டுக்கு அதைச் சொல்லி என்ன பயன். பைத்தான் தெரிந்த பையன், விடுங்கள்.

கிராணி:
கார்டு போட்டோம். ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததும் 300 வெள்ளி போச்சு என்று நினைத்தேன், சில நிமிடம் கழித்து பச்சை வந்தது. இப்போது வேறு வம்பு. வழிகாட்டியில் உள்ள, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டும் டிரைவ்பேஸ் நிரலை அப்படியே எழுதி, 1000 மில்லிமீட்டர் நேராகப் போ என்றால் 78 சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறது. ஐந்து முறை அளந்தோம், ஐந்து முறையும் அதே. மோட்டார் தேய்ந்துவிட்டதா?

பழையகை:
தேய்ந்தால் இவ்வளவு ஒழுங்காகப் பிழைக்காது. நிரலில் சக்கர விட்டம் 55.5 என்று இருக்குமே, டயர் பக்கவாட்டில் என்ன எண் என்று பாருங்கள். பெட்டியில் இன்ஃப்ராரெட் சென்சரும் சின்ன ரிமோட்டும் இருக்கிறதா?

கிராணி:
இருக்கிறது. டயரில் 43.2 x 22 என்று பொறித்திருக்கிறது.

பழையகை:
அதேதான். உங்களுடையது வீட்டுப் பெட்டி, லெகோ எண் 31313. வழிகாட்டி எழுதியது பள்ளிப் பெட்டிக்கு, அதன் சக்கரம் பெரியது. 43.2-ஐ 55.5-ஆல் வகுத்தால் 0.78, உங்கள் 78 அங்கேயே இருக்கிறது. எண்ணை மாற்றுங்கள். பிறகும் கொஞ்சம் குறைந்தால் விட்டத்தை இன்னும் சிறிது குறையுங்கள், நேர் சரியான பிறகுதான் திருப்பம். 360 பாகை சொல்லி முழுதாகத் திரும்பவில்லை என்றால் நிரலில் அச்சு அகலத்தை, அதாவது இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை, கூட்டுங்கள்.

கிராணி:
மாற்றினோம். கதவுப்படியில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு விரல் முன்னால் நிற்கிறது. பையன் இப்போது சாப்பிடக்கூட வரவில்லை, அக்கா என்னைத்தான் திட்டுகிறாள்.