சுளுக்கு எண்டாங்கள், நோ குறையேல்ல. எக்ஸ்ரேயில தெரியாத முறிவும் இருக்குமோ?

வடமராட்சிப் பொடியன்:
தம்பி வொலிபோல் விளையாடேக்க பாய்ஞ்சு இறங்கினவன், மற்றவன்ர காலை மிதிச்சுப் பாதம் பிரண்டிட்டுது. எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை எண்டு பண்டேஜ் சுத்தி விட்டவை, கிழமைக்கணக்காப் போச்சு இன்னும் வீக்கம் வத்தேல்ல, வெளிப்பக்க மொளிக்குக் கீழ தொட்டாத் துடிக்கிறான். அம்மா எண்ணெய் போட்டு உருவிப் புக்கை கட்டுவம் எண்டு நிக்கிறா.

எக்ஸ்ரே அக்கா:
இருக்கும் தம்பி. நான் எக்ஸ்ரே எடுக்கிற வேலைதான் செய்யிறன். ஒற்றை விரலால அமத்தி ஆகக் கூட நோகிற இடத்தைக் கண்டுபிடியுங்கோ. மொளி நுனியில இருந்து ஒரு சென்ரிமீற்றர் அளவு கீழ எண்டா அது தாலஸ் எண்ட, கணுக்கால் மூட்டுக்குள்ள இருக்கிற எலும்பின்ர வெளிப்பக்க முனை, அதில முறிஞ்சா அச்சொட்டாச் சுளுக்கு மாதிரியே வீங்கும், அதாலதான் தவறிப்போறது. பக்கவாட்டுப் படத்தில அந்த முனை 'வி' எழுத்துப்போல ஒழுங்காத் தெரியோணும், அந்தக் கோடு எங்கயாவது அறுந்திருந்தாச் சந்தேகம்தான். காலை உள்ளுக்கு 15–20 பாகை திருப்பி எடுக்கிற படமும் இருக்கோ பாருங்கோ. அப்பவும் தெளிவில்லை எண்டா சீ.ரீ. ஸ்கான்தான் முடிவு சொல்லும். கவனிக்காம விட்டா எலும்பு ஒட்டாது, தாலசுக்குக் கீழ இருக்கிற மூட்டும் தேய்ஞ்சுபோம், வயசுப் பொடியன் பாவம்.

பிசியோ அண்ணை:
அக்கா சொன்னது சரி. இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நொந்தா குதி எலும்பின்ர முன்முனையைப் பாக்கோணும். பாதத்தின்ர வெளி ஓரம் எண்டா சின்ன விரலுக்குப் போற நீள எலும்பின்ர அடி, கணுக்கால் படத்தில அது சிலவேளை ஓரத்தில வெட்டுப்பட்டுப் போயிருக்கும். முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கத்தையும் ஒருக்கா அமத்துங்கோ, கணுக்கால் பிரண்டதில மேல முறியிறதும் இருக்கு, கணுக்கால் படத்தில அந்த இடம் வராது. தாலசுக்குப் பின்னால வழுவழுப்பான ஓரத்தோட சின்ன உருண்டை எலும்பு கிடந்தாப் பயப்பிடாதேங்கோ, கனபேருக்கு இயல்பாவே இருக்கிறதுதான். நாலு எட்டு வைக்க ஏலுதோ அவனுக்கு?

வடமராட்சிப் பொடியன்:
நொண்டி நொண்டி வைக்கிறான் அண்ணை. அமத்திப் பாத்தன், அக்கா சொன்ன அதே இடம்தான்!

எக்ஸ்ரே அக்கா:
அப்ப நாளைக்கே பழைய படத்தையும் கொண்டு எலும்பு டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. நோகிற இடத்தில பேனையால புள்ளி போட்டுக் காட்டுங்கோ, படம் எழுதுற துண்டிலயும் அந்த இடத்தைக் குறிக்கச் சொல்லிக் கேளுங்கோ, வெறுமன 'கணுக்கால் நோ' எண்டு வந்தா எங்களுக்கு எதைத் தேடுறதெண்டு விளங்காது. அதுவரைக்கும் அந்தக் காலை ஊண்ட விடாதேங்கோ. அம்மாவிட்டயும் பக்குவமாச் சொல்லுங்கோ, முடிவு தெரியுமட்டும் உருவவே கூடாது.