திரையில் மணிமேகலை இல்லை: மாமனார் அமைதியாக இருக்கிறார், எனக்குத்தான் மனம் ஆறவில்லை

வண்ணை வாசகி கேட்கிறார்:

(கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு வரை பேசப்போகிறேன்.)

பொங்கல் விடுமுறையில் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில், 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களையும் ஒரே நாளில், இடையில் சோற்றுக்கு மட்டும் எழுந்து, பார்த்து முடித்தோம். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் அவை வெளியானபோதே திரையரங்கில் பார்த்தவள்தான் நான். அன்று வந்த கோபம் இத்தனை நாளில் தணிந்திருக்கும் என்று நம்பினேன், தணியவில்லை.

என்னைக் குழப்புவது என் மாமனாரின் அமைதி. அவருக்கு வயது எண்பது. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடர் தொடங்கியபோது அவருக்கு ஐந்து வயது, 1954 மே மாதம் அது முடிந்தபோது ஒன்பது. அவருடைய அம்மா இதழ் வந்த அன்று மாலை தெருப் பெண்களைத் திண்ணையில் உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுவாராம். அதனால் மாமனார் இந்தக் கதையை முதலில் காதால்தான் கேட்டார். அந்த அம்மா வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்த தொகுதிகள், மணியத்தின் ஓவியங்களோடும் அந்தக் காலத்துச் சோப்பு விளம்பரங்களோடும் இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. நானோ, கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையான பிறகு வந்த மலிவுப் பதிப்பொன்றைக் கல்லூரிக் காலத்தில் படித்தவள்.

அப்படியென்றால் அவரல்லவா கோபப்பட வேண்டும்? படம் முடிந்ததும், "நல்லாத்தான் எடுத்திருக்காங்கம்மா" என்று சொல்லிக் காப்பி கேட்டார். "மணிமேகலை எங்கே மாமா?" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அவளுக்காக எங்க தெருவே அன்னைக்கு அழுது முடிச்சிடுச்சே, இன்னொரு தடவை எதுக்கு?" என்றார்.

என்னால் அப்படி விட முடியவில்லை. கதாநாயகன் வந்தியத்தேவன்மீது கொண்ட காதலால், பட்டத்து இளவரசன் கரிகாலனைக் கொன்றது தானே என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, சித்தம் கலங்கி, கடைசியில் அவன் மடியிலேயே உயிர் விடுகிறாள் கடம்பூர் இளவரசி. தொண்ணூற்றொரு அத்தியாயங்கள் கொண்ட ஐந்தாம் பாகம் முடிவதே அவளுடைய மரணத்தில்தான். எந்தப் பாத்திரத்தின் மூச்சோடு கல்கி பேனாவைக் கீழே வைத்தாரோ, அந்தப் பாத்திரமே படத்தில் இல்லை. சேந்தன் அமுதன் இருக்கிறான், ஆனால் அவன் யார் என்பது இல்லை.

293 அத்தியாயங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துக்குள் அடைக்கும்போது வெட்டத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வெட்டியவற்றுள் கதையின் எலும்பையே முறித்தது எது, இல்லாவிட்டாலும் பெரிய குறையில்லை என்று விடத்தக்கது எது? படித்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒற்றியூரான்:

அம்மா, மணிமேகலையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். சேந்தன் அமுதன் விஷயத்தில் மட்டும் உங்களோடு முழுமையாக உடன்பட முடியவில்லை.

கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மையான மகன் தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதன்தான் என்றும், மதுராந்தகன் என்ற பெயரில் அரண்மனையில் வளர்ந்தவன் வேறொருவன் என்றும் வைத்தது கல்கியின் கற்பனை. வரலாற்றில் அப்படி ஓர் ஆள்மாறாட்டத்துக்குச் சான்று இல்லை. சுந்தர சோழருக்குப் பின் மதுராந்தகர் என்ற உத்தம சோழர் ஆண்டார், அவருக்குப் பின் 985இல் இராசராசர் பட்டமேற்றார் என்பது வரலாறு. தம் சிற்றப்பன் அரசை விரும்புகிறவரை தமக்கு அது வேண்டாம் என்று அருண்மொழி, அதாவது பின்னாளைய இராசராசர், விலகி நின்றார் என்பதை இராசேந்திரரின் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. படம் இந்தச் செப்பேட்டின் பக்கம் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கேளாதவனுக்கு மகுடத்தைக் கொடுப்பதும், அதற்காகச் சதியாலோசனை வரை போனவனுக்கே கொடுப்பதும் ஒன்றா? புதினத்தில் அருண்மொழி தேவாரம் பாடும் ஒரு சாதுவின் தலையில் மகுடத்தைச் சூட்டுகிறான். அது அழகான காட்சி. படித்த எவரும் மறக்க மாட்டார்கள். படத்திலோ அதை விரும்பி அலைந்த மதுராந்தகனுக்கே கொடுக்கிறான், அது அதனினும் கடினமான செயல் என்பது என் எண்ணம்.

எனக்கு உள்ள மனக்குறை வேறு. கல்கி கதையை ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறார். வடக்கே போருக்குக் காத்திருந்த வேளையில் தம் வீரர்களைக் கொண்டு இளவரசர் இராசாதித்தர் வெட்டிய ஏரி அது. அவர் 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தார். அந்தத் தோல்வியின் நிழலில்தான் சோழ நாடு தலைமுறைக் கணக்கில் பகை வளர்த்தது என்பதை முதல் அத்தியாயத்திலேயே வாசகர் உணர்ந்துவிடுகிறார். படமோ கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. குதிரையும் நெருப்பும் முழக்கமும் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஏரி போய்விட்டது. 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குத் தண்ணீர் தரும் வீராணம் அதுதான் என்பதை நினைத்தால், நம் ஊர்க்காரர்களுக்காவது அந்தக் காட்சி இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

தக்கோலம் எங்கள் ஊருக்கு அந்நியமும் அன்று. திருவொற்றியூர்க் கோயிலில், தக்கோலத்தில் சோழரை வென்ற இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதர் என்ற துறவியைப் பற்றிப் பேசுகிறது. கேரளத்திலிருந்து வந்து இராசாதித்தரிடம் நட்புக் கொண்டிருந்தவர்; போரில் அவரோடு சேர்ந்து சாக இயலாமற்போன வருத்தத்தால் துறவு பூண்டு இங்கே மடத்தில் தங்கிவிட்டார். தலைவன் மடிந்த பின் உயிரோடு இருக்க நேர்ந்தவனின் அவமானம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? கரிகாலனின் உடலருகே வந்தியத்தேவன் நிற்கும் காட்சியைப் படத்தில் பார்த்தபோது எனக்கு அந்தக் கல்வெட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

வியாசை மாணவி:

நான் உங்கள் எல்லாருக்கும் எதிர்த்திசையில் வந்தவள். பெரம்பூரில் தோழியரோடு முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பாகம் வரும்வரை பொறுக்க முடியாமல் புத்தகத்தை எடுத்தேன். ஆகவே வெட்டப்பட்டவை எனக்கு இழப்பாகத் தோன்றவில்லை. படிக்கப் படிக்கக் கூடுதலாகக் கிடைத்த பரிசுகளாகவே தோன்றின. மணிமேகலை அப்படித்தான் கிடைத்தாள்.

வாசகர்கள் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதினத்தில் எல்லா இரகசியமும் யாரோ ஒருவர் மரத்தின் மறைவிலோ மதிலின் மேலோ இருந்து ஒட்டுக்கேட்பதால்தான் வெளிவருகிறது. வாரம் ஒன்றாகப் படித்தவர்களுக்கு அது உறுத்தியிருக்காது. தொடர்ந்து படித்த எனக்கு, ஒற்றன் ஆழ்வார்க்கடியான் பத்தாவது முறை புதரிலிருந்து தலையை நீட்டியபோது சிரிப்பு வந்துவிட்டது. படம் இதைக் குறைத்தது நல்லது. கரிகாலனும் அவன் காதலித்த நந்தினியும் இளமையில் எப்படிப் பழகினார்கள் என்பதைப் புதினத்தில் கரிகாலன் மாமல்லபுரத்தில் அமர்ந்து பார்த்திபேந்திரனிடம் வாயால் சொல்கிறான். இரண்டாம் பாகம் அதைத் தொடக்கத்திலேயே கண்முன் நடத்திக் காட்டுகிறது. கடம்பூர் மாளிகையில் அவர்கள் இருவரும் எதிரெதிரே நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்ததற்கு அந்தத் தொடக்கம்தான் காரணம்.

பிற மொழி வாசகர்களும் இதே பாட்டைப் பட்டவர்கள்தாம். டோல்கினின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக வந்தபோது, டாம் பாம்பாடில் என்ற பாத்திரத்தை அறவே விட்டுவிட்டார்கள் என்று வாசகர்கள் கொதித்தார்கள். நாயகர்கள் போரை வென்று ஊர் திரும்பினால் சொந்த ஊரே சீரழிந்து கிடக்கும் கடைசிப் பகுதியும் படத்தில் இல்லை. ஆசிரியரின் மகனே அந்தப் படங்களை ஏற்கவில்லை. மூன்றாவது படம் 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. இன்றும் பலர் அதைப் பார்த்துவிட்டுத்தான் நூலுக்குப் போகிறார்கள். பாம்பாடில் இல்லாததை நான் பொறுத்துக்கொள்வேன், ஏனென்றால் அவர் இல்லாமலும் கதை நடக்கும். ஊர் சீரழிந்த பகுதியை மட்டும் மன்னிக்க மாட்டேன், ஏனென்றால் கதை எதற்காக எழுதப்பட்டதோ அது அங்கேதான் இருக்கிறது. அக்கா கேட்ட கேள்விக்கு என் அளவுகோல் இதுவே. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மணிமேகலை பாம்பாடிலா, சீரழிந்த ஊரா என்பதில்தான் எனக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை.

பெரம்பூர் பழைய இதழ்:

திரைப்படமாக எடுக்காமல் ஐம்பது பகுதிகள் கொண்ட தொடராக எடுத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திராது. எம்.ஜி.ஆர். 1950களின் இறுதியிலேயே இதைப் படமாக்க முயன்று கைவிட வேண்டி வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். எடுத்து முடித்தார்களே என்பதே எனக்குப் போதும்.

காசிமேட்டுத் துடுப்பு:

எல்லாரும் அரண்மனையைச் சுற்றியே பேசுகிறீர்கள். கடலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பாட்டன் காலத்தில் கட்டுமரம், அப்பா காலம் முதல் விசைப்படகு என்று எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடலில்தான் பிழைக்கிறது. எங்கள் வீட்டில் இந்தப் புதினத்தை முழுதாகப் படித்தவள் என் அக்கா மட்டும். அவள் படித்ததும் பூங்குழலிக்காகத்தான். இடி விழுந்து கப்பல் தீப்பற்றி எரிய, வந்தியத்தேவனும் அருண்மொழியும் பாய்மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு அலையில் மிதக்க, அந்தப் புயலில் ஒற்றை ஆளாகப் படகு செலுத்தி வந்து இருவரையும் தூக்கிப் போட்டுக்கொள்கிறவள் பூங்குழலி. கோடிக்கரையில் கலங்கரை விளக்கம் காப்பவரின் மகள், படைப்பயிற்சி இல்லாதவள், வாடையும் கொண்டலும் அறிந்தவள் என்பதனாலேயே சோழ நாட்டின் வருங்காலத்தைக் கரை சேர்க்கிறாள்.

முதல் பாகத்தின் இறுதியில் படம் இந்தச் செயலைப் பூங்குழலியிடமிருந்து எடுத்து நந்தினியின் தாயான ஊமைராணியிடம் கொடுத்துவிட்டது. ஏன் என்று புரியாமல் இல்லை. இடைவெளி விடுவதற்கு முன் ஓர் அதிர்ச்சி வேண்டும். நீருக்குள் நீந்தி வரும் முகம் நந்தினியின் முகமாக இருப்பது பெரிய அதிர்ச்சிதான், திரையரங்கில் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் கப்பலையே கவிழ்க்கிற கடலில் ஒருவர் நீந்திப் போய் இன்னொருவரைக் கண்டுபிடிப்பார் என்பதைக் காசிமேட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். படகும் துடுப்பும் இருந்தால், அதுவும் ஆண்டவன் துணையிருந்தால், நம்புவார்கள்.

பிறகு பூங்குழலிக்குப் படத்தில் என்ன வேலை மிஞ்சியது? அழகாகப் படகோட்டினாள், அழகாகப் பாடினாள். அந்தப் பாட்டும் கல்கி அவளுக்காக எழுதியது அன்று, புதிதாக எழுதப்பட்டது. இசை நன்றாகவே இருக்கிறது, ஆனால் அக்கா சிறுவயதிலிருந்து தானே மெட்டுப் போட்டுப் பாடிவந்த வரிகளைத் தேடி ஏமாந்து போனாள்.

ஒற்றியூர் ஐயாவுக்கு ஒரு சொல். சேந்தன் அமுதன் அரசனாவது பற்றி மட்டும் கணக்குப் போட்டீர்கள். அவன் மணப்பது பூங்குழலியை. படகுக்காரி சோழ நாட்டின் அரசியாகிறாள் என்பதைச் செப்பேடு சொல்லாது, கல்கி சொன்னார். மதுராந்தகனை அரியணையில் உட்காரவைத்ததால் படம் வரலாற்றை நெருங்கியிருக்கலாம், ஆனால் பூத்தொண்டு செய்தவனும் படகோட்டியவளும் ஒரே வெட்டில் போனார்கள். முறிந்த எலும்பு எதுவென்று வாசகி அம்மா கேட்டதற்கு என் விடை அதுதான்.

ஒற்றியூரான்:

நான் பூங்குழலியை எண்ணிப் பார்க்கவில்லை என்பது உண்மைதான். கேளாதவனுக்குக் கொடுப்பதைவிடக் கேட்டவனுக்குக் கொடுப்பது கடினம் என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கல்கி ஏன் அந்த ஆள்மாறாட்டத்தைக் கற்பித்தார் என்பது இப்போது வேறு விதமாகத் தெரிகிறது. மன்னிக்கவும்.

வண்ணை வாசகி:

எல்லாருக்கும் நன்றி. காசிமேட்டுச் சகோதரர் எழுதியதை மாமனாருக்கு நேற்று இரவு படித்துக் காட்டினேன். உடனே எழுந்து இரண்டாம் பாகத் தொகுதியை எடுத்துவரச் சொன்னார். புயல் அத்தியாயங்களில் இருந்த ஓவியப் பக்கம் ஒன்றைப் பூச்சி பாதிக்குமேல் அரித்துவிட்டிருக்கிறது. அலையும் படகின் முனையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவருடைய அம்மா இந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திவிடுவார் என்றும், கடைசி வரிக்கு முன் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார் என்றும், அதுவரை திண்ணையில் யாரும் அசைய மாட்டார்கள் என்றும் சொன்னார்.

"அப்போ பூங்குழலியைப் படத்தில மாத்தினது உங்களுக்குத் தெரியலையா மாமா?" என்று கேட்டேன். "தெரிஞ்சுது, நீ மணிமேகலையைத்தானே கேட்டே?" என்றார்.

சகோதரரே, உங்கள் அக்காவுக்கு அந்தத் தொகுதியைப் பார்க்க விருப்பமிருந்தால் சொல்லுங்கள். கையில் கொடுத்து அனுப்பத் தயங்குகிறேன், தாள் தொட்டால் உதிர்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். மாமனார் தாமே படித்துக் காட்டுவதாகச் சொல்கிறார்.